ஆறு பாட்டு சோப்பு

மூன்றாவது பாட்டின் இரண்டாம் சரணம் வரும்போதுதான் எண்ணெய் கொஞ்சம் கலங்கத் தொடங்கும். அதுவரைக்கும் வாளிக்குள் துடுப்பு சுற்றிச் சுற்றி வருமே தவிர, தேங்காய் எண்ணெயும் சோடாக்காரம் கரைத்த தண்ணீரும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி தனித்தனியாகவே கிடக்கும். பேபி அக்கா அதற்கெல்லாம் அசர மாட்டாள். பம்மலில் தன் வீட்டுக் கொல்லையில், முருங்கை மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கணவரின் பழைய ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிப் பாடிக்கொண்டே கிண்டுவாள். நான்காவது பாட்டில் கஞ்சி, ஐந்தாவதில் கூழ். ஆறாவது பாட்டின் கடைசி வரியை இழுத்து முடிக்கும்போது துடுப்பைத் தூக்கினால், சொட்டு விழுந்த இடம் விழுந்தபடியே மேலே நிற்கும். அதுதான் பதம். அச்சில் ஊற்றிவிடலாம்.

கடிகாரம் பார்த்துக் கிண்டினால் என்ன என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "கடியாரம் அது பாட்டுக்கு ஓடிகினு கீது. அதுக்கு சோப்ப பத்தி இன்னா தெரியும்?"

ஆறும் ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாடுகிற கீர்த்தனைகள். வரிசை மாறாது. ஒரு சரணமும் விடுபடாது. நடுவில் வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் பாட்டு முடிகிற வரை பதில் கிடையாது. "பாட்ட பாதில நிறுத்துனா, வந்து குந்திகினு கீற ஆண்டவர பாதில எய்ந்து போவச் சொன்னா மாதிரி" என்பாள். பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் அந்தக் கோயிலுக்குப் போகாதவள். ஆனால் ஆறு பாட்டும் அவளுக்கு மனப்பாடம். ஐந்தாவது பாட்டு சுவரேறி வந்ததும், சோப்பு ஊற்ற அச்சுகளைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

இந்த சோப்பு பிறந்த கதை ஒரு காதல் கதை. அவள் கணவர் தாவீது தோல் கம்பெனியில் வேலை செய்தவர். கல்யாணமான புதிதில் அவர் எத்தனை முறை கை கழுவினாலும் தோல் வாடை போகவில்லை. "சோத்துல கைய வெச்சா சோறே ஓடிப்பூடும் போல இருந்துச்சு" என்று இன்றைக்கும் அவரை வைத்துக்கொண்டே சொல்வாள். கடையில் இருந்த சோப்பையெல்லாம் வாங்கித் தேய்த்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கம்பெனிச் சிநேகிதர் ஒருவரிடம் விசாரித்துத் தானே காய்ச்சினாள். முதல் முறை அலுமினியச் சட்டியில் கலந்தாள். காரம் சட்டியையே தின்று அடியில் ஓட்டை போட்டது. அன்று முதல் அலுமினியம் அவளுக்குப் பரம எதிரி. இரண்டாம் முறை பிளாஸ்டிக் வாளி. சோப்பு வந்தது, வாடை போனது, தாவீது அன்றைக்கு நிம்மதியாகப் பிசைந்து சாப்பிட்டார். அந்தக் கையை முகர்ந்து பார்க்கும் பழக்கம் மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை. இப்போது யார் கையைக் குலுக்கினாலும், குலுக்கிய தன் கையை நைசாக மூக்கருகே கொண்டுபோய் அது என்ன சோப்பு என்று சொல்லிவிடுவாள். விருந்துக்குப் போன வீட்டில் முதலில் எட்டிப் பார்ப்பது சமையலறையை அல்ல, சோப்புப் பெட்டியை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு வலது தோள் பிடித்துக்கொண்டது. கை காதுக்கு மேலே போக மறுத்தது. குரோம்பேட்டை டாக்டர் தோளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். சொன்னாள். "அதை நிறுத்திடுங்க" என்றார். மாத்திரை எழுதுவதுபோல அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

இடது கையால் கிண்டிப் பார்த்தாள். இடது கைக்குத் தாளம் வரவில்லை. தாவீது நான் கிண்டுகிறேன் என்று உட்கார்ந்தார். அவருக்குப் பாடவும் வராது, பாட்டுக்கு ஏற்றபடி கிண்டவும் வராது. வேகமாக நாலு சுற்று, பிறகு பேப்பரில் ஒரு பக்கம், மறுபடி நாலு சுற்று. எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே என்று பிரிந்தே போனது. அதைக் கொட்டிவிட்டு வந்து பேபி அக்கா கொல்லைக் கதவைச் சாத்தினாள். அப்புறம் மாதக்கணக்கில் அந்தக் கொல்லையில் பாட்டுச் சத்தமே இல்லை. கங்கையம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னாக்கா, வூட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். "எனுக்குதான்" என்று சொல்லிவிட்டு பேபி அக்கா அழுதாள். சோப்புக்காகவா அழுகிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் சோப்புக்காகத்தான் அழுதாள்.

முன்பு ஒரு பொருட்காட்சியில் ஒருவன் கையில் பிடிக்கிற மெஷினால் கண் மூடித் திறப்பதற்குள் லஸ்ஸி கடைந்தானே, அது ஞாபகம் வந்தது தாவீதுக்குத்தான். தாம்பரம் மார்க்கெட்டில் ஏகநாதன் கடையில் அது கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். பேபி அக்காவின் இடது கையில் மூடி போட்ட தூக்குவாளி. அதற்குள் கேழ்வரகுக் கூழ். ஐந்தாவது பாட்டுப் பதம்.

ஏகநாதன் மூன்று மெஷின்களை எடுத்து வைத்து, ஒரு தம்ளரில் மோர் ஊற்றிக் கடைந்து காட்டினார். நுரை பொங்கியது. பேபி அக்கா முகத்தில் ஒன்றும் பொங்கவில்லை. "மோரு கடையறதுக்கு மெஷின் இன்னாத்துக்கு அண்ணா? மத்து போதுமே. இதுல வுட்டுக் காட்டுங்க" என்று தூக்குவாளியைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

"கூழா! மோட்டார் பேஜாராயிடும்மா" என்றார் ஏகநாதன்.

"இங்கியே பேஜாராயிட்டா நல்லதுதானே. வூட்டுக்குத் தூக்கினு போவ வேணாம்."

முதல் மெஷினோடு ஒரு சில்வர் டப்பா இலவசம். தாவீதின் மனசு டப்பாவோடு போய்விட்டது. பேபி அக்கா மெஷினின் கழுத்தை மோதிரத்தால் தட்டிக் கேட்டாள். சத்தம் சப்பென்று இருந்தது. "அலுமினியம். டப்பாவ மட்டும் குடுப்பாங்களான்னு கேளுங்க" என்றாள் கணவரிடம். இரண்டாவதின் கழுத்து எவர்சில்வர்தான், ஆனால் குட்டை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தன் கையோடு ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டு, "இத்த வாளில வுட்டா என் கையும் சேந்து சோப்பாயிடும்" என்று தள்ளி வைத்தாள். மூன்றாவது நீளம். தட்டினால் கணீரென்றது. கூழுக்குள் விட்டபோது ஒரு முறை முனகிவிட்டு ஓடியது. தோளைக் கொஞ்சமும் அசைக்காமல் கூழ் தானாகச் சுழல்வதைப் பார்த்ததும் பேபி அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கூழைப் பார்த்து அழுகிற வாடிக்கையாளரை ஏகநாதன் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்திருப்பார்.

அதிலேயே இரண்டு விதம் இருந்தது. ஒன்றில் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விரலை எடுத்தால் நின்றுவிடும். இன்னொன்றில் சுவிட்சை ஒரு தடவை தள்ளிவிட்டால் போதும், அது பாட்டுக்கு ஓடும்.

"பொத்தான் வச்சதே எடுத்துக்கோங்கம்மா. கை விட்டா நின்னுடும், சேஃப்டி" என்றார் ஏகநாதன்.

"விரல அமுக்கிகினே இருந்தா என் கவனம்லாம் விரல்லதான் இருக்கும். நா எப்டிப் பாடறது?" என்று தள்ளுகிற சுவிட்ச் வைத்ததையே வாங்கினாள். பாடுவதற்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று ஏகநாதனுக்கு விளங்கவில்லை. தாவீது டப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கடையை விட்டு இறங்கினார்.

அன்று சாயங்காலமே கொல்லைக் கதவு திறந்தது. பேபி அக்கா முதலில் ஜெபம் செய்தாள். மெஷினில் செய்கிற முதல் சோப்பு ஆண்டவருக்கு, அறுப்பின் பண்டிகைக்கு என்று சத்தமாகவே பொருத்தனை பண்ணினாள். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பண்டிகைக்கு சபையார் அவரவர் வீட்டின் முதல் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள். பூசணி, வாழைத்தார், சேவல், கேக் என்று எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். ஜெபம் முடிந்தது. மெஷினை வாளிக்குள் இறக்கி, சுவிட்சைத் தள்ளி, இடது கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி முதல் பாட்டைத் தொடங்கினாள்.

மெஷினுக்கு ஆறு பாட்டுக் கணக்கு தெரியாதே. முதல் பாட்டின் பல்லவியிலேயே எண்ணெய் கஞ்சியாகிவிட்டது. முதல் சரணத்தில் கூழாகிவிட்டது. பேபி அக்கா உருகிக்கொண்டிருந்தாள். இரண்டாம் சரணத்தில் மெஷின் முனகியது. கண்ணைத் திறந்து பார்த்தாள், பதம் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த நொடியே நிறுத்தியிருப்பார்கள். ஆனால் இன்னும் ஒரு சரணம் பாக்கி. பாட்டைப் பாதியில் நிறுத்துவது எப்படி? வேகத்தைக் கூட்டி, மூச்சு வாங்கப் பாடி முடித்து ஆமென் சொன்னபோது மெஷின் தானாகவே நின்றுவிட்டது. புகைந்த வாடை வந்தது. கையை எடுத்தாள். மெஷின் வாளி நடுவில் கொடிக்கம்பம் மாதிரி நேராக நின்றது.

"இன்னாங்க! வாங்களேன் இங்க!"

தாவீது ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். கங்கையம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, ஒரு பாட்டோட நிறுத்திட்டியே?" என்றாள். கத்தியாலும் கரண்டிக் காம்பாலும் குடைந்து மெஷினை வெளியே எடுத்தார்கள். நல்லவேளை, துடைத்து ஒரு நாள் ஆறப் போட்டதும் மறுபடி ஓடியது. வாளியைக் கவிழ்த்துத் தட்டியபோது சோப்பு ஒரே கட்டியாக விழுந்தது. கனமாக, உருண்டையாக, நடுவில் குழியோடு. அச்சு அசல் ஆட்டுக்கல்.

அடுத்த முறையிலிருந்து பேபி அக்கா மெஷினை வழிக்குக் கொண்டுவந்தாள். ஒரு வரிக்கு ஓட்டு, ஒரு வரிக்கு நிறுத்து. ஒரே பாட்டில் பதம். மீதி ஐந்து பாட்டையும் சோப்பை அச்சில் ஊற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்து பாடினாள். சோப்பு வழவழவென்று வந்தது. தாவீதுக்கு அதைப் பார்த்ததும் யோசனை வந்தது. "பண்டிகைக்கு இத்தக் குடுத்துடலாம் பேபி. அந்தக் கல்ல எவன் ஏலம் எடுப்பான்? மானம் பூடும்."

பேபி அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தலப்புள்ள கோணலாப் பொறந்துட்சுன்னு எதுத்த வூட்டுப் புள்ளயத் தூக்கினு போயா ஞானஸ்நானம் வாங்குவீங்க?" என்றாள். வாயை அடைத்தாளே தவிர, அவளுக்கும் உள்ளூர பயம்தான். யாரும் கேட்காத பொருளை ஏலக்காரர் ஓரமாக வைத்துவிடுவார். அப்படி ஓரத்தில் கிடந்த ஒரு பாகற்காய்க் கூடையை அவள் பார்த்திருக்கிறாள், அதைக் கொண்டுவந்தவர் முகத்தையும் பார்த்திருக்கிறாள்.

அக்டோபரில் பண்டிகை வந்தது. பூசணி போயிற்று, வாழைத்தார் போயிற்று, வருஷாவருஷம் சேவலுக்காகவே வருகிற நிலக்காரர் துரைராஜ் இந்த வருஷமும் சேவலை எடுத்துவிட்டார். ஏலம் விடுகிற ஏசுபாதம் அடுத்த துணியை விலக்கினார். கட்டியை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"பேபி அக்கா வூட்டு முதல் பலன். ஆட்டுக்கல்லு… இல்ல இல்ல, சோப்பு! ஒரு வருசத்துக்கு வாங்கவே வேணாம்!"

சபை முழுக்கச் சிரித்தது. பெண்கள் வரிசையில் பேபி அக்காவும் சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகும் யாரும் கேட்கவில்லை. ஏசுபாதம் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் சேவலைக் கக்கத்தில் இடுக்கியிருந்த துரைராஜ், இரக்கப்பட்டு ஒரு சின்னத் தொகையைச் சொன்னார். ஒரு தேங்காய்க்குக்கூட அதைவிட அதிகம் போயிருந்தது.

"ஒரு தரம்…"

பேபி அக்கா கட்டியைப் பார்த்தாள். இந்த ஆறு வாரமாக அவள் பாடிய பாட்டெல்லாம் அந்தக் கட்டிக்குப் பிறகு வந்தவைதான்.

"ரெண்டு தரம்…"

பெண்கள் வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. "நா கேக்கறேன் அண்ணா! அதுக்கு மேல!" ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த தாவீது, அந்தக் கல்லையும் ஏலம் எடுக்கிற பைத்தியம் யார் வீட்டுப் பைத்தியம் என்று பதறித் திரும்பினார். முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல் எக்கி நின்றுகொண்டிருந்தாள் பேபி அக்கா. உயர்ந்திருந்தது வலது கை. காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, பந்தலைத் தொடுகிற மாதிரி நேராக.