சாவி, ரோஜா, வண்டி

பெயின்டரைப் பரீட்சைக்குத் தயார் செய்கிற வேலையை அவருடைய மைத்துனர் தானாகவே தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மைத்துனருக்கு டயர் கடை. காற்றடிக்கும் மிஷினோடு போட்டி போட்டுக் கத்திக் கத்தி, காதில் சொல்ல வேண்டிய சங்கதியைக்கூடத் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்லுவார். தெருவில் அவருக்கு ஹாரன் என்று பேர்.

"மாமா! மூணு வார்த்தை!"

"சாவி, ரோஜா, வண்டி."

"நூறுல ஏழு போனா?"

"தொண்ணூத்தி மூணு."

"அதுல ஏழு?"

"எண்பத்தி ஆறு."

"அப்படிப் போடு! டாக்டர் அசந்துடணும்!"

பழைய டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்த பெயின்டர் அசையவில்லை. பதில் வாயிலிருந்து வந்ததே தவிர, முகம் யார் வீட்டு விசேஷமோ என்கிற மாதிரி சம்பந்தமில்லாமல் இருந்தது.

இந்த மனிதர் எப்படி இருந்தவர் தெரியுமா? உயரமான கட்டடங்களுக்குக் கயிற்றில் தொங்கி வர்ணம் அடித்தவர். ஏழாவது மாடியில் ஆடிக்கொண்டே கீழே போகிறவனின் வழுக்கையைக் கிண்டல் பண்ணுவார். முட்டி தேய்ந்துபோய் கயிற்றை விட்டு இறங்கினார். அதன்பிறகு பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிட்டது. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று படுக்கையறைச் சுவருக்குப் பச்சை அடிக்க ஆரம்பித்தார். பாதியில் தண்ணீர் குடிக்கப் போனவர் கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். பாதிச் சுவர் பச்சை, பாதிச் சுவர் அழுக்கு வெள்ளை. பிரஷ் காய்ந்து கட்டையாகிவிட்டது.

பிறகு அடுப்பை அணைக்க மறந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ போய்விடுவார். சோறு வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பார். ஒருநாள் பால் வாங்கப் போனவர், தினமும் போகிற தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிட்டார். அன்றைக்குத்தான் அவர் மனைவி மகளிடம் விஷயத்தைச் சொன்னாள். வெளியூரிலிருந்த மகள் போன் போட்டு ஆஸ்பத்திரியில் நாள் வாங்கினாள். முதியோர் மனநலப் பிரிவு.

"மனநலமா? என்னைப் பைத்தியம்னு முடிவே பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார் பெயின்டர். அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அது.

மனைவிக்கு வேறு பயம். பெயின்டரின் அண்ணன் கடைசிக் காலத்தில் தம்பியைப் பார்த்தே "நீங்க யாரு?" என்று கேட்ட ஆள். அதே நோய் இவருக்கும் வந்துவிட்டதென்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால்? அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு அம்மாள் வந்தாள். அவள் வீட்டுக்காரரை அங்கேதான் போன மாதம் காட்டினார்களாம். என்னென்ன கேட்பார்கள் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். தேதி கேட்பார்கள், கழித்தல் கணக்கு கேட்பார்கள், கடிகாரம் வரையச் சொல்லுவார்கள், மூன்று வார்த்தை சொல்லிப் பிறகு திருப்பிக் கேட்பார்கள். அந்த மூன்று வார்த்தையும் அவளுக்கு மனப்பாடம்.

"கேள்வித்தாள் அவுட்டு!" என்று குதித்தார் ஹாரன்.

"பாஸ் பண்ணிட்டா விட்டுடுவாங்கல்ல?" என்றாள் மனைவி.

வியாதியைக் காட்டப் போகிற இடத்துக்கு வியாதியை மறைத்துக்கொண்டு போவது என்று குடும்பமே சேர்ந்து எடுத்த முடிவு அது. வாரம் முழுக்க டியூஷன் நடந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு மூன்றாவது மாடி. நர்ஸ் எதிரே பெயின்டர், பக்கத்தில் மனைவி, பின்னால் பயிற்சியாளர் மாதிரி ஹாரன். தேதி கேட்டாள், சொன்னார். கிழமை கேட்டாள், சொன்னார். ஹாரனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"ஐயா, இப்ப நான் மூணு வார்த்தை சொல்லப் போறேன். கவனமாக் கேட்டு..."

"சாவி, ரோஜா, வண்டி."

"சபாஷ்!" என்று கை தட்டினார் ஹாரன்.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் இன்னும் சொல்லவே இல்லையே ஐயா."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெயின்டர் மெதுவாகப் பின்னால் திரும்பி மைத்துனரைப் பார்த்தார். உதட்டோரம் துடித்தது. பிறகு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்! துருப்பிடித்த பைப்பில் தண்ணீர் வருகிற மாதிரி முதலில் கரகரவென்று, அப்புறம் கொட்டோ கொட்டென்று.

"இவன்தாம்மா பிட்டு குடுத்தான்!"

"மாமா! காட்டிக் குடுத்துட்டீங்களே!"

சிரிப்புச் சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து டாக்டரம்மாவே எட்டிப் பார்த்தார். விவரம் கேட்டார். ஹாரனை வெளியே அனுப்பிவிட்டு, பெயின்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புதிதாக மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்டார்.

"தெரியாது," என்றார் பெயின்டர், யோசிக்காமலே. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சு என்னம்மா ஆகப் போகுது? எல்லாம் போயிடுச்சு. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான். சாவியை எங்க வெச்சேன்னு தேடுறப்பல்லாம் எனக்கு அண்ணன் மூஞ்சிதான் ஞாபகம் வருது. அடுத்தது நான்தான். அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா நல்லதுன்னுகூடத் தோணும்."

மனைவி சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்திலேயே படுக்கிறவளுக்கு இது தெரியாது.

டாக்டரம்மா பதறவில்லை. அதைப் பற்றித்தான் முதலில் நிதானமாகக் கேட்டார். அப்படி எத்தனை நாளாகத் தோன்றுகிறது, ஏதாவது செய்துகொள்ள நினைத்தாரா என்று. பிறகு தூக்கம், சாப்பாடு, கடைசியாக எதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார் என்பது வரைக்கும். வெகுநேரம் பேசிய பிறகு சொன்னார்:

"உங்க மச்சான் ஒரு வாரம் சொல்லிக் குடுத்ததை ஒரு எழுத்து பிசகாமச் சொன்னீங்களே. உங்க அண்ணனுக்கு வந்த நோய்ல புதுப் பாடம்தான் முதல்ல ஒட்டாது. இதை மட்டும் வெச்சு நான் முடிவு பண்ண மாட்டேன். ரத்தம் பார்க்கணும், தலையை ஸ்கேன் எடுக்கணும். ஆனா எனக்கு என்ன தோணுதுன்னா, இது மனச்சோர்வு. மறதி மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு வரும். வயசானா அப்படித்தான்னு விட்டுடக் கூடாது. இதுக்கு மருந்து இருக்கு."

"சரியாயிடுமா?" மனைவிதான் கேட்டாள்.

"பெரும்பாலும் சரியாகும்மா. ஆனா மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் இவரைத் தனியா விடாதீங்க. மறுபடி அந்த நினைப்பு வந்தா, எந்த நேரமானாலும் எங்களைக் கூப்பிடுங்க."

ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனாலும் மாத்திரை போட்ட முதல் வாரங்களில் ஒரு மாற்றமும் இல்லை. "காசைக் கரியாக்குறாங்கக்கா," என்று ஹாரன் ஹாரனடித்தார். மனைவி விடவில்லை. வாரத்துக்கு ஒருநாள் அதே மாடியில் வயதானவர்கள் கூட்டம் ஒன்று நடக்கும். உட்கார்ந்து பேசுவார்கள், கை காலை ஆட்டுவார்கள், யாராவது அழுதால் அழ விடுவார்கள். பெயின்டரை அதற்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் கூட்டத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"எந்தப் பய அடிச்சான் இதை?"

எல்லோரும் திரும்பினார்கள். பெயின்டர் சுவரைக் காட்டினார். "பட்டி பார்த்துச் சுவரைச் சமப்படுத்தாமலே மேல பூசியிருக்கான். தேமல் வந்த மாதிரி இருக்கு! இதைப் பார்த்தா நல்லா இருக்கிறவனுக்கே மனசு கெட்டுப் போகும்!"

ஒரு கிழவர் கெக்கெக்கே என்று சிரித்தார். வாசலில் காத்திருந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டிய நாளிலிருந்து அவர் வாயில் கேட்ட வசவுகளிலேயே அதுதான் அவளுக்கு இனித்தது.

மறுபடியும் பரீட்சை நாள் வந்தது. "இந்தத் தடவை பிட்டு கிடையாது மாமா," என்று ஹாரன் சத்தியம் பண்ணி, கூடவே வந்தார். டாக்டரம்மா பக்கத்தில் இருக்க, நர்ஸ் புது வார்த்தைகள் சொன்னாள். கணக்கு முடிந்து, கடிகாரம் வரைந்து, திருப்பிக் கேட்டபோது பெயின்டர் கண்ணை மூடினார்.

"குடை. தேன். இன்னொண்ணு..."

ஹாரன் வாயைத் திறந்தார்.

"டேய், பல்லைத் தட்டிடுவேன்!" என்றார் பெயின்டர், கண்ணைத் திறக்காமலே. நெற்றியைச் சுருக்கி, காதைத் தேய்த்து, முழங்காலைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் கையை விரித்தார். "வரலைம்மா. நிஜமாத் தேடினேன்."

"தேடினீங்கல்ல, அது போதும்," என்றார் டாக்டரம்மா. "போன தடவை தேடவே இல்லையே."

கீழே இறங்கி வண்டியில் ஏறினார்கள். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியிருப்பார்கள்.

"நிறுத்துடா வண்டியை!"

ஹாரன் பிரேக் போட்டதில் மனைவியின் தலை முன்சீட்டில் இடித்தது. அதற்குள் பெயின்டர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். தேய்ந்த முட்டியோடு, செருப்பு ஒன்று பின்தங்க, விந்தி விந்தி ஓடினார்! பின்னாலேயே அந்தச் செருப்பைக் கையில் பிடித்தபடி ஹாரன். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றி ஏறி, மூன்றாவது மாடிக் கதவைத் தள்ளினார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பாலம்!"

நர்ஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "ஐயா, பேப்பரை முடிச்சாச்சு. மார்க்கை இனி மாத்த முடியாதே!"

"மார்க்கை நீயே வெச்சுக்கோம்மா," மூச்சிரைக்கச் சொன்னார் பெயின்டர். நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "அது எங்கிட்டதான் இருந்துச்சு. எங்கேயும் போகல. எங்கிட்டேயேதான் இருந்துச்சு!"

வரிசையில் கடைசியாக இருந்த கிழவர் ஒருவர், எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்.

ஹாரன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். வேர்த்து ஊற்றியது. வந்த குரலில் பாதிக் காற்றுதான்.

"மாமா... லிப்ட் இருக்குல்ல?"

"மறந்துட்டேன்டா," என்றார் பெயின்டர். சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.