பூஜ்யமா, ஒன்பதா

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பல ஊர்களில் அலைந்துவிட்டு, தெலுங்கு பேசும் ஊரான கச்சிபௌலியில் ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் அறையில் கூட இருந்தவன் திருநெல்வேலிக்காரன். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு டேட்டா என்ட்ரி பார்த்துக்கொண்டிருந்தான். நீளமான எண் எதைக் கண்டாலும் அது எதால் வகுபடும் என்று பார்க்காமல் விடமாட்டான்.

"அண்ணாச்சி, எங்க அக்கா நம்பரு ஒம்பதாலயும் போவும், பதினொண்ணாலயும் போவும். திருப்பிப் படிச்சாலும் போவும். பத்து இலக்கத்துல இப்படி அமையணும்லா!"

"எல்லாம் போகுது, சரி. குழாய்ல தண்ணி எப்ப வரும்? அதையும் போட்டுச் சொல்லு."

சிரித்துக்கொண்டே விதியைச் சொன்னான். இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதின் மடங்கு வரவேண்டும். பதினொன்றுக்கு, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டி, இரண்டு கூட்டலையும் கழிக்க வேண்டுமாம். அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

எங்கள் மாதிரி ஆட்களின் அறைகளில், ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் அவரவர் வீட்டு போன் எண்ணைப் பென்சிலால் எழுதிவைப்பார்கள். எதற்கென்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஒரு மழைக்காலக் காலையில் அவன் பைக்கை லாரி அடித்துவிட்டது. போன் நொறுங்கிக் கிடந்தது. சொந்தக்காரர்களை உடனே கூப்பிடச் சொன்னார் டாக்டர். அவனுக்கு அக்காவை விட்டால் யாருமில்லை. மூச்சு இருக்கும்போதே அவளுக்குச் சொல்லியாக வேண்டும்.

அறைக்கு ஓடினேன். சுவர் ஊறிக் காரை பெயர்ந்ததில், அவன் எழுதிவைத்திருந்த அக்கா எண்ணில் ஓர் இலக்கம் போயிருந்தது. மிச்சம் ஒன்பது இலக்கங்களையும் கூட்டினேன். நாற்பத்தைந்து. அப்படியானால் போனது பூஜ்யம்தான். அடித்தேன். ஒரு பெண் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"இது கோயமுத்தூருங்க. எனக்குத் தம்பியே இல்லீங்களே." உடனே வைத்துவிடவில்லை. "ஏனுங், அந்தப் பையன் இப்ப எப்படியிருக்கு?"

அப்புறம்தான் உறைத்தது. ஒன்பதைச் சேர்த்தாலும் ஐம்பத்துநான்கு. அதுவும் ஒன்பதால் போகும். ஒன்பதைப் போட்டு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று திரும்பத் திரும்ப அடித்தேன்.

மத்தியானம் அவன் இறந்துபோனான்.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். "பகல் பூரா கரண்டு இல்ல, போன்ல சார்ஜே இல்ல. இத்தன மிஸ்டு காலு, தம்பி ரூம்ல இருந்தா பேசுதிய? தம்பிகிட்ட போனக் குடுங்க."

அவளிடம் என்ன வார்த்தையில் சொன்னேன் என்பது நினைவில்லை.

மறுநாள் கோயமுத்தூர்ப் பெண்ணும் கூப்பிட்டாள். இறந்துவிட்டான் என்றேன்.

"பேரு என்னங்க அவருக்கு?"

சொன்னேன். ஒருமுறை அவளும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு ஒருநாள், அவன் சொன்ன விதியை நினைவுபடுத்தி இரண்டு எண்களையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அக்காவுடையது பதினொன்றால் போனது. மற்றது போகவில்லை. அந்த எண்ணையும் என் போனிலிருந்து நான் அழிக்கவில்லை.