மருத மரத்தடிச் செருப்புகள்

நான் வேலை பார்ப்பது ஓர் அருவியில். அருவியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் ரேஞ்சர் ஐயா வருத்தப்படுவார், அவர் நல்ல மனிதர். கம்பம் பள்ளத்தாக்கில் மலைத் தண்ணீர் பாறைக்குப் பாறை தாவி இறங்கித் தேங்கும் இடங்களில் அதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் வனத்துறையுடையது. ஊர்க்காரர்களை வைத்து ஒரு குழு அமைத்து, எங்களில் ஆறு பேருக்கு அங்கே வேலை கொடுத்திருக்கிறார்கள். டிக்கெட் கிழிப்பது, பையைச் சோதிப்பது, விசில் ஊதுவது, நேரமானால் கேட்டை அடைப்பது. நான் பெண்கள் குளிக்கும் பக்கம் நிற்பேன்.

நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் ஷாம்பு பாக்கெட்டைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பிள்ளையின் டவுசர் பையிலிருந்து எடுத்திருக்கிறேன். டிபன் டப்பாவில் எலுமிச்சைச் சாதத்துக்கு அடியிலிருந்தும் எடுத்திருக்கிறேன். “இதென்ன ஒங்க வீட்டு பாத்ரூமா தாயி? கீழ இந்தத் தண்ணியத்தான் நாங்க குடிக்கிறோம்” என்பேன். முறைத்துக்கொண்டே தொட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

வெளியூர்க்காரர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. இங்கே வெயில் காயும்போதே வெள்ளம் வரும். மழை பெய்வது மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத மலையில். முதலில் சருகு கொத்துக் கொத்தாக மிதந்து வரும். பிறகு ஈர மண் வாசம். பிறகு தண்ணீர் டீ நிறமாகும். அதைப் பார்த்துவிட்டு ஓடலாம் என்று நினைத்தால் நேரம் போதாது. மேலே எஸ்டேட்டில் இருக்கும் ஒருவர், டவர் கிடைத்தால், எங்களுக்கு போன் அடித்துச் சொல்வார். அவர் போனுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே எங்களுக்குக் கால் மணி நேரம் கிடைக்கும். சில நாள் அதுவும் கிடைக்காது.

அந்தக் கால் மணி நேரத்துக்குள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டோமா என்று பார்க்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். குளிக்கும் இடத்துக்குக் கீழே மருத மரம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிச் செருப்புப் போடக் கூடாது என்பது விதி. பாசியில் ரப்பர் செருப்பு வழுக்கி எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஆக, உள்ளே போகிற எல்லோருடைய செருப்பும் அந்த மரத்தடியில்தான் கிடக்கும். விசில் ஊதியபின் மரத்தடியைப் பார்த்தால் போதும். ஒரு ஜோடி மிச்சம் கிடந்தால் ஓர் ஆள் மிச்சம். ஒன்றும் இல்லையென்றால் ஒருவரும் இல்லை. பாறை பாறையாக ஏறித் தேட வேண்டியதில்லை. ரேஞ்சர் ஐயாவே ஒருமுறை நாலு பேர் முன்னால் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் சாலை கறுப்பாகிவிடும். குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் எல்லாம் இந்தப் பக்கம்தான் வரும். போகிற வழியில் சாமிமார்கள் அருவியில் குளிப்பார்கள். மாலை போட்டவர்களிடம் நாங்கள் டிக்கெட் வாங்குவதில்லை. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, எங்கள் ஊர் வழக்கம். பையையும் சோதிக்க மாட்டோம். கையெடுத்துக் கும்பிட்டு, வழி விட்டு ஒதுங்கி நிற்போம். அவர்களாலும் எங்களுக்கு ஒரு தொல்லையும் கிடையாது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குருசாமி இருப்பார். நாங்கள் விசில் எடுப்பதற்குள் அவரே தன் ஆட்களைத் தலை தொட்டு எண்ணி வண்டியில் ஏற்றிவிடுவார். அதனால் சாமிமார்களை எண்ண வேண்டும் என்கிற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை.

அன்றைக்கு மத்தியானம் நல்ல வெயில். காலையில் வந்த சாமிமார் வேன்கள் எல்லாம் போய்விட்டன. உள்ளே நாலைந்து குடும்பங்களும் சில கல்லூரிப் பையன்களும் மட்டும் இருந்தார்கள். எஸ்டேட்காரர் போன் வந்தது. “மேல கொட்டு கொட்டுன்னு கொட்டுது, ஆளுகள எறக்குங்க” என்றார். விசில் ஊதினோம். ஆண்கள் பக்கம் நிற்கும் வாட்சர் தம்பி பையன்களை விரட்டி இறக்கினான். என் பக்கம் ஒரு பெண் கொலுசைக் காணோம் என்று தண்ணீருக்குள் தடவிக்கொண்டிருந்தாள். “கால் இருந்தாத்தான் கொலுசு, ஏறு மேல” என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பத்தே நிமிடத்தில் எல்லோரும் வெளியே. மரத்தடியில் ஒரு செருப்பு இல்லை.

வாட்சர் தம்பிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “ஏக்கா, ஒருதடவ மேல போய்ப் பாத்துட்டு ஓடியாந்துர்றேன்” என்றான்.

“எதுக்கு? மரத்தடியில ஏதாவது கெடக்கா பாரு. ஒண்ணும் இல்லைல்ல. ஒனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு, பேசாம இங்கன வா” என்றேன்.

அவன் என் பேச்சை மீற மாட்டான். வந்துவிட்டான். அவனைத் தடுத்தது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போயிருந்தால் திரும்பும்போது வெள்ளம் அவனைப் பிடித்திருக்கலாம். போகாததால் என்ன ஆயிற்று என்பது மட்டும் தெரியும்.

நான் டிக்கெட் கவுண்டருக்குப் போய் மைக்கை எடுத்தேன். அருவி நெடுக மூன்று இடங்களில் மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறோம். மைக்கைப் பிடித்தால் எனக்குச் செய்தி வாசிக்கிற குரல் வந்துவிடும், அதில் எனக்கு ஒரு பெருமை. “அருவிப் பகுதியில் யாரும் இல்லை. கேட் அடைக்கப்படுகிறது” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் ஒருமுறை சொன்னேன். கேட்டைப் பூட்டினேன். ஐந்து நிமிடத்தில் வெள்ளம் வந்தது.

வெள்ளத்தைப் பார்க்க எங்களுக்கும் பிடிக்கும். ஆளுக்கொரு டீயோடு மேடான இடத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம். ஒரு முழு மரம் வேரோடு வந்தது. “அப்பாடி, யாரும் மாட்டல” என்று நான்தான் சொன்னேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வண்டி நிறுத்தும் இடத்தைப் பூட்டப் போனேன். எல்லா வண்டியும் போயிருந்தது, ஒரு பைக் மட்டும் நின்றது. சீட்டின் மேல் கறுப்புச் சட்டை ஒன்று மடித்து வைக்கப்பட்டு, பறக்காமல் இருக்க மேலே ஒரு கல் வைத்திருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. மத்தியானம் சாமி ஒருவர் ஒற்றையாக வந்தார், “சாமி சரணம்” என்றார், நான் கும்பிட்டு வழி விட்டேன். முகம்கூட மனசில் இல்லை. விரதம் இருக்கிறவர் காலில் செருப்பு ஏது? டிக்கெட்டும் வாங்கவில்லை, துணைக்கு ஆளும் இல்லை. மரியாதை செய்கிறோம் என்று நாங்களே அவரைக் கணக்கில் வராத ஆளாக ஆக்கியிருந்தோம்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. வாட்சர் தம்பி எனக்கு முன்னால் ஓடினான். ஆண்கள் பக்கத்துக்கும் மேலே, செம்மண் வெள்ளத்துக்கு நடுவில், ஒரு பாறையின் முதுகு மட்டும் தெரிந்தது. அதன் மேல் கறுப்பு வேட்டி கட்டிய ஒரு மனிதர், பாறை இடுக்கில் முளைத்திருந்த அத்தி வேரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கால் கோணலாகக் கிடந்தது. அவர் வாய் அசைந்தது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கையை ஆட்டினோம். அவர் எங்களைப் பார்த்தார். பார்த்ததும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் வாய்விட்டு அழுதேன். யார் பார்த்தால் என்ன என்று இருந்தது.

தீயணைப்பு வண்டி வந்தது. கயிறு கட்டினார்கள். முதல் முறை கயிறு எட்டவில்லை. இரண்டாம் முறை எட்டியது, ஆனால் அவரால் வேரை விட முடியவில்லை, கை விறைத்துப்போயிருந்தது. வந்தவர்களில் ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். பொழுது சாயும் நேரத்தில் சாமியைக் கரை சேர்த்தார்கள். இறங்கி வருவதற்குள் வெள்ளம் சூழ்ந்து, மிதந்து வந்த கட்டை மோதிக் கால் எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் நடந்ததை நடந்தபடி ரேஞ்சரிடம் சொன்னேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. “எல்லாருந்தான் கவனிக்கல” என்றார். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம், “ஐயப்பன் காப்பாத்திட்டாரு, விடு” என்றார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. காப்பாற்றியது இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிய அந்த மனிதர். கொல்லப் பார்த்தது நான். இதில் விடுவதற்கு என்ன இருக்கிறது?

இப்போது உள்ளே போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு துணிப்பட்டை கட்டுகிறோம், மாலை போட்டவருக்கும் கட்டுகிறோம். வெளியே வரும்போது திரும்ப வாங்கிவிடுகிறோம். முதல் வருஷம் சில சாமிமார்கள் முகம் சுளித்தார்கள். பரவாயில்லை. ஆனால் மைக்கை நான் தொடுவதில்லை. வாட்சர் தம்பிதான் பேசுகிறான். கேட்கிறவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

காரணம் இதுதான். நாலாம் நாள் நான் தேனி பெரியாஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கப் போனேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் போகும்போதே என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று பத்து விதமாக யோசித்தேன். சின்னமனூர்ப் பக்கம் வாழை போடுகிற விவசாயி அவர், நாற்பது வயது இருக்கும். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. “வாங்க ஆத்தா, ஒக்காருங்க” என்றார். வார்டில் எல்லோரும் பார்க்க நான் கும்பிட்டு, “என்னாலதான் சாமி, ஒங்களப் பாக்காமப் பூட்டிட்டேன். மன்னிச்சிருங்க” என்றேன். யோசித்து வைத்ததில் வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“எம் மேலயும் தப்பு இருக்கு. பாறை இடுக்குல நின்னு கண்ண மூடிக்கிட்டுச் சரணம் சொல்லிக்கிட்டிருந்தேன். தலையில தண்ணி விழுகும்போது விசிலு எங்கிட்டுக் கேக்கும்? ஆனா மைக்கு கேட்டுச்சு” என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

“கண்ண முழிச்சா சுத்தி ஒருத்தரும் இல்ல. தலைக்கு மேல மரத்துல கொழாய் பேசுது. யாரும் இல்லைன்னு சொன்னீக. ஆத்தா, நா இங்கன இருக்கேன்னு அடித்தொண்டையில கத்துனேன். கத்தி முடிச்சதும் திருப்பியும் யாரும் இல்லைன்னு சொன்னீக.” பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். “அம்புட்டுத் திருத்தமாச் சொன்னீகளா, ஒரு நிமிசம் நானே நம்பிட்டேன் ஆத்தா.”

நான் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன். மாலை போட்டவர், கையைத் தொட்டு ஆறுதல் சொல்லவும் முடியாது. போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

“இருக்கீக சாமி” என்றேன். “இருக்கீக.”