ஜன்னலடிப் பெஞ்சு

ஞாயிற்றுக்கிழமை காலை. திருவனந்தபுரத்தில் தமிழ் ஆராதனை நடக்கிற தேவாலயத்தைத் தேடி வருகிறேன். அதன் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் ஒருவர் நிற்கிறார். சாலைக் கடைத்தெருவில் அரிசி விற்கிற ஞானமுத்துவாம்.

"உள்ளே போகலையா அண்ணாச்சி?"

"சபையை விட்டு வெலக்கி வச்சிருக்காவ. அம்பலத்து ஆறாட்டுல, சாமி ஊர்வலத்தோட வந்த ஆனையைப் பாத்தேனாம்."

"யார் கண்டது?"

"நம்ம சபை மூப்பருதான். எனக்குப் பக்கத்துல நின்னுல்லா அவரும் பாத்தாரு!"

மூப்பர் பார்த்தது ஆனையை அல்ல, பாவத்தை. அதனால் உள்ளே முன்வரிசையில் இருக்கிறார்.

இன்று திருவிருந்து, சபையார் முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்குகிற நாள். மனைவி பக்கத்தில் முழங்காலிட வேண்டும் என்று ஞானமுத்து சபையிடம் மன்னிப்புக் கேட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

உள்ளே கீர்த்தனை தொடங்குகிறது. ஆளுக்கொரு சுருதி. பாட்டு, பள்ளத்தில் இறங்கிய வண்டிபோல் நின்றே விடுகிறது. ஞானமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உரக்க எடுத்துக் கொடுக்கிறார். மூப்பர் உட்படச் சபை முழுவதும் கூச்சமில்லாமல் அவர் பின்னாலேயே பாடுகிறது.

பாட்டு முடிந்ததும் மூப்பர் வெளியே வருகிறார். ஞானமுத்து மேல்துண்டைச் சரிசெய்துகொள்கிறார்.

"வேய், சபைக்கு ஒம்ம மேல எரக்கம் வந்தாச்சு," என்கிறார் மூப்பர். பின்னால் இரண்டு பேர் ஒரு பெஞ்சைத் தூக்கிவந்து ஜன்னலடியில் போடுகிறார்கள். "இனி நிக்காண்டாம். இருந்தே பாடும்."

உள்ளே ஞானமுத்துவின் மனைவி திருவிருந்துக்குத் தனியாக எழுந்து போகிறார். ஞானமுத்து அதைப் பார்த்து முடித்துவிட்டு, பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்து என்னையும் பிடித்து இருத்துகிறார்.

"இதுல நாலு பேரு இருக்கலாம். இன்னும் ரெண்டு பேரெ வெலக்கினாவன்னா, இங்ஙனயும் ஒரு சபை ஆயிப்போவும், கேட்டியளா!"