கிளெமென்டின் வலது கை

பீன்யா தொழிற்பேட்டையின் மருந்துத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் கிளெமென்டுக்குச் சூடு காட்டும் மீட்டர்மேல் மரியாதையே கிடையாது. ரியாக்டர் என்கிற அந்த ஆளுயரக் கொப்பரையின் சுவரில் வலது கையை வைத்து, உள்ளே சூடா குளிரா என்று சொல்லிவிடுவார். "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்று வேறு கேட்பார். திமிர்தான். ஆனால் அந்த ஒரு நாள் வரை தப்பியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, கூட வேலை பார்த்த நாகேஷ் கன்னடம் கலந்து கேட்டான். "மீட்டர் ஏறவே இல்லண்ணா. ஸ்வல்ப, கொஞ்சம் பாருங்க. மிச்ச ரசாயனத்த ஊத்தட்டுமா?"

கிளெமென்ட் தொட்டுப் பார்த்தார். "சில்லுனுதான் இருக்கு. ஊத்து." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்தக் குளிர்தான் ஆபத்து. ரசாயன வினை நடந்திருந்தால் சூடேறியிருக்கும்; அது தொடங்காமல், ஊற்றியதெல்லாம் உள்ளே சேர்ந்து கிடந்தது. பிறகு ஒரே மூச்சில் பொங்கி வெடித்தது. நாகேஷ் பிழைக்கவில்லை. அவன் அவசரப்பட்டு ஊற்றியதாக விசாரணையில் எழுதினார்கள். உண்மை தெரிந்தால் தான் குடியிருக்கும் ஜோகுபாளையத்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியாதே என்று கிளெமென்ட் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம், வேறென்ன?

அன்றிலிருந்து உள்ளங்கையில் அந்தச் சில்லிப்பு போகவே இல்லை. வெயிலில் நின்றாலும், சர்ச்சில் மெழுகுவத்தி பிடித்தாலும் போகவில்லை. பம்ப் சத்தம் கேட்டால் போதும், "ஊத்தட்டுமா அண்ணா?" என்று காதருகே நாகேஷ் கேட்பான்.

இப்போது கொப்பரை போய் உள்ளங்கை அகலத் தகடுகள் வந்திருக்கின்றன. உள்ளே மெல்லிய வழிகளில் ரசாயனம் நிற்காமல் ஓடும். எந்நேரமும் ஒரு தகட்டுக்குள் இருப்பது ஒரு ஸ்பூன் அளவுதான். உற்பத்தி கூட வேண்டுமென்றால் தகட்டைப் பெரிதாக்குவதில்லை, பக்கத்தில் இன்னொன்றை வைக்கிறார்கள். பன்னிரண்டு ஆகிவிட்டது. அவற்றை ஓட்டுபவள் நாகேஷின் மனைவி சோனியா. அவன் போனபின் கம்பெனி கொடுத்த வேலை.

"என் பொண்ணு எதுக்காச்சும் பறந்தா, அப்பா மாதிரி அவசரப்படாதடின்னு திட்டுவேண்ணா," என்றாள் ஒருநாள். "இதுல அவசரப்பட்டாலும் ஆபத்தில்லையாம். இது அப்பவே வந்திருக்கக் கூடாதா?"

பழக்கதோஷத்தில் கிளெமென்டின் கை ஒரு தகட்டின்மேல் இருந்தது.

"அவன் அவசரப்படலம்மா. என்னக் கேட்டான். நான்தான் ஊத்தச் சொன்னேன்."

சோனியா தகடுகளின் அளவு காட்டும் திரையையே பார்த்தாள். எண்கள் ஓடின.

"கைய எடுங்க," என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. "சாயந்தரம் வீட்டுக்கு வாங்க. பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க."