அக்காவின் இடமாற்றங்கள்

தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டிக்கு நடுவராக வரும்படி கேட்டார்கள். அக்கா அலுமாரியின் அடியிலிருந்து, முன்பு நீதிமன்றத்துக்கு உடுத்த வெள்ளைச் சேலையை எடுத்துச் சுருக்கம் போக மினுக்கினாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று, “பிள்ளையளின்ரை விழாவுக்கு இது கனக்க வெள்ளையோ?” என்று என்னிடம் கேட்டாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது.

ஊரில் நீதவானாக இருந்தவள். இப்போது மொன்றியலில் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிறர் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறாள். இங்கே சட்டத்தரணியாவதென்றால் பிரெஞ்சில் முதலிலிருந்து படிக்க வேண்டும். ஐம்பது வயதில் அவளுக்கு அந்தத் தெம்பு இல்லை.

போர் முடிந்த கையோடு பதவிக்கு வந்தவள் அவள். சந்தேகநபரைப் போட்டு அடித்த பொலிஸ் அதிகாரியை விளக்கமறியலில் வைத்தாள். ஓர் ஆண் அதைச் செய்திருந்தால் நேர்மையானவர் என்றிருப்பார்கள். இவளுக்கோ கலியாணம் கட்டாத விசர் என்றார்கள், அதுவும் கறுப்புக் கோட்டுப் போட்ட எங்கள் சட்டத்தரணிகளே. உடனே இடமாற்றம் வந்தது. போன இடத்திலும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை, அங்கிருந்தும் இடமாற்றம். வீட்டுக்குத் தொலைபேசியில் மிரட்டல் வந்தபோது அம்மா அங்கிருந்து அழுது, நான் இங்கிருந்து அழுது, அவளை வரவழைத்தோம். உயிர் தப்பியது. மற்றதெல்லாம் போய்விட்டதே என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.

போட்டியில் ஒரு சின்னப் பெண் பாடமாக்கியதை நடுவில் மறந்துபோனாள். கொஞ்சம் விழித்துவிட்டு, மிச்சத்தைத் தன் வாய்க்கு வந்த தமிழில் சொல்லி முடித்தாள். முதற்பரிசு அவளுக்குத்தான் என்று அக்கா தீர்மானித்துவிட்டாள்.

விழாப் பொறுப்பாளர் வடையும் தேநீருமாக வந்தார்.

“அக்கா, மண்டபம் எடுத்துத் தந்தவரின்ரை மகன் ரெண்டாவதாம். ஒருக்கா மாத்தி விடுங்கோவன்.”

“ஏலாது தம்பி.”

“இதென்ன நீங்கள் வழக்குக் கேட்ட கோடே? பொம்பிளையளுக்கு எல்லாத்திலையும் பிடிவாதம்,” என்று சிரித்துக்கொண்டே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேடையில் முதற்பரிசுக்கு அந்தப் பையனின் பெயரையே வாசித்தார்கள். சின்னப் பெண்ணும் சேர்ந்து கைதட்டினாள். தீர்ப்பு வழங்கிய முன்னாள் நீதவானுக்கு நன்றி என்று ஒலிவாங்கியில் வேறு சொன்னார்கள்.

திரும்பும்போது அக்கா மெட்ரோவில் சேலைத் தலைப்பை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு இருந்தாள்.

“விடுங்கோ அக்கா, பிள்ளையளின்ரை போட்டிதானே,” என்றேன்.

“அங்கை என்னைத்தானடி மாத்தினவங்கள்,” என்றாள். “நான் சொன்ன தீர்ப்பை ஒருத்தனும் மாத்தேல்லை.”