எட்டாம் இடத்தின் அரை மணி நேரம்

இது இரவில் நடக்கவில்லை. இரவில் நடந்திருந்தால் கனவு என்று சொல்லி நானே தப்பித்திருப்பேன். ஜூலை மாதம், அரிசோனா, பட்டப்பகல். வெயில் நூற்றுப் பதினாறு டிகிரி. நேரங்கள் எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன. மின்சாரம் மோசமான ட்ரெய்லர் முகாம்களில் வோல்ட்டைக் குறித்துவைப்பது என் வழக்கம். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. கிழித்தால் நடக்காததாகிவிடும் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை.

நானும் என் மனைவி டோரீனும் ஆறு வருடங்களாக, டிரக் இழுக்கிற ட்ரெய்லர் வீட்டில்தான் வாழ்கிறோம். அவளுக்கு நரம்பு நோய். உடம்பு சூடேறினால் முதலில் கால் போகும். பிறகு பேச்சு குழறும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று மருத்துவர் சொன்னதை நாங்கள் இருவரும் திரும்பப் பேசியதில்லை. அதனால் கோடை வந்தால் வடக்கே மலைப்பக்கம் போய்விடுவோம். அந்த வருடம் வழியிலேயே டிரக் படுத்துவிட்டது. உதிரிபாகம் வர மூன்று நாள். இழுவை வண்டிக்காரர் எங்கள் ட்ரெய்லரைப் பக்கத்திலிருந்த பழைய முகாமில், ஒன்பதாம் இடத்தில் விட்டுவிட்டுப் போனார்.

முகாமைப் பார்த்துக்கொள்பவள் பெர்னிஸ். வாசலருகே தன் ட்ரெய்லரில் இருந்தாள்.

"இருபது ஆம்ப்தான் வரும் ராய். ஏசி ஒண்ணை ஓட்டு. கூட ஒரு காபி மிஷினைப் போட்டே, ரெண்டும் போச்சு."

"காபி இல்லாம இவன் மனுஷனே இல்ல," என்றாள் டோரீன்.

"அப்போ கேஸ் அடுப்புல அவனையே வெந்நி வைக்கச் சொல்லு. பாவம் நீ, இப்படி ஒருத்தனைக் கட்டிக்கிட்டு..."

எட்டாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் நடுவில் ஒரே மின்பெட்டி. பக்கத்துக்கு ஒரு பிளக். பெர்னிஸ் அதைக் காட்டினாள். "எட்டு காலி. முறை வைக்கிற தொல்லை இல்ல. முழுசும் உனக்குத்தான்."

முறை என்பது எங்களைப் போன்றவர்களுக்குள் எழுதப்படாத ஏற்பாடு. ஒரே லைனில் இரண்டு ட்ரெய்லர்கள் நின்றால் இரண்டு ஏசி ஓடாது. அரை மணி நேரம் உனக்கு, அரை மணி நேரம் எனக்கு. நேரம் ஆனதும் பக்கத்து ட்ரெய்லரின் சுவரில் போய் இரண்டு தட்டு. அவ்வளவுதான். யாரும் ஏமாற்ற மாட்டார்கள்.

ஃபிரிட்ஜையும் வெந்நீர்த் தொட்டியையும் கேஸுக்கு மாற்றினேன். பேட்டரி சார்ஜரைப் பிடுங்கினேன். ஏசி மட்டும் ஓடியது. நூற்றுப் பதினெட்டு வோல்ட். அங்கே நூற்றிருபதுதான் முழு அளவு; நன்றாகவே இருந்தது.

இரண்டாம் நாள். பிற்பகல் 3.05.

ஏசியின் சத்தம் மாறியது. முனகுவது போல. மீட்டரைப் பார்த்தேன். 111.

3.12. 107.

3.20. 104. இதில் ஓட்டினால் கம்ப்ரசர் கருகிவிடும். வேறு யாரோ அதே லைனில் இழுக்கிறார்கள். வோல்ட் இறங்கினால் அதுதான் பொருள்.

அப்போது சுவரில் இரண்டு தட்டு.

டக். டக்.

கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. எட்டாம் இடம் வெறும் சரளைக்கல். மின்பெட்டியில் எட்டின் பக்கத்துப் பிளக்கில் எதுவும் செருகப்படவில்லை.

வேறு வழியில்லை. ஏசியை நிறுத்தினேன்.

நிறுத்தியதும்தான் கேட்டது. இன்னொரு ஏசி ஓடும் சத்தம். எட்டாம் இடத்திலிருந்து. ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு கூரை இருக்கவேண்டிய உயரத்தில்.

சரளையில் ஒரு ஈரத்திட்டு இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. மேலே வெறும் வானம்.

பெர்னிஸைத் தேடி ஓடினேன். அவள் கார் இல்லை. டவுனுக்குப் போயிருந்தாள். மற்ற இடங்களிலும் ஆளில்லை. ஜூலையில் அங்கே யார் வருவார்கள்?

திரும்பி வந்தபோது உள்ளே தொண்ணூற்றெட்டு டிகிரி. டோரீனின் கழுத்தில் ஈரத்துண்டு போட்டேன்.

"கால்... எங்க இருக்குன்னே தெரியல ராய்."

"இங்கதான் இருக்கு. நான் பிடிச்சிருக்கேன்."

"நல்லாப் பிடி. ஓடிப்போயிடும்." சிரிக்கப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம்தான் அசைந்தது.

3.50. எட்டாம் இடத்துச் சத்தம் நின்றது. சுவரில் இரண்டு தட்டு.

ஓடிப்போய் ஏசியைப் போட்டேன். நூற்றுப் பத்தொன்பது வோல்ட். நொடி பிசகாமல் அரை மணி நேரம் முடிந்ததும் எங்கள் முறையைத் திருப்பித் தந்திருந்தார்கள்.

டோரீனுக்கு மெல்ல மெல்ல நிறம் வந்தது. கண்ணை மூடினாள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.20.

டக். டக்.

நான் அசையவில்லை.

இன்னொரு அரை மணி நேரம் அவள் தாங்கமாட்டாள். எனக்குத் தெரியும். கை சுவிட்ச்சின் மேல் இருந்தது. நான் நிறுத்தவில்லை.

4.26. டக். டக்.

இந்த முறை மின்சாரம் குறையவில்லை. அதே நூற்றுப் பத்தொன்பது. பிடுங்கவில்லை... தன் முறையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

4.40. தட்டு. தோள் உயரத்தில் இருந்தது, இப்போது இடுப்பு உயரத்தில்.

4.52. முழங்கால் உயரத்தில்.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றேன். யாரிடம் சொன்னேன்?

5.03. தரையோடு. தட்டு இல்லை அது. நகத்தால் கீறுவது போல...

5.07. ஒரே ஒரு தட்டு.

பிறகு இல்லை.

ஏசி மட்டும் ஓடியது. இருட்டும் வரை நான் அந்த சுவிட்ச்சை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலை பெர்னிஸிடம் கேட்டேன். எட்டின் பிளக்கில் யார் இழுத்திருப்பார்கள் என்று மட்டும்.

"எட்டா? அதுக்குக் கம்பியே கிடையாது. போன வருஷமே வெட்டியாச்சு."

"ஏன்?"

அவள் ஒன்பதாம் இடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"போன ஜூலை. எட்டுல ஒரு பொண்ணு தனியா இருந்தா. ஒன்பதுல ஒரு புருஷன் பொண்டாட்டி. முறை வெச்சு ஓட்டினாங்க. ஒரு நாள் அவன் நிறுத்தல. ஒன்பதோட சுவரோரம் செத்துக் கிடந்தா. நான்தான் பார்த்தேன்."

"அவன் எப்படிப்பட்ட ஆள்?"

"நல்ல ஆள்தான் ராய். அவன் பொண்டாட்டிக்கு இதயம் சரியில்ல. அவளை விட்டா அவனுக்கு யாரு இருக்கா?"

நான் வேறெதுவும் கேட்கவில்லை. டோரீனிடமும் எதையும் சொல்லவில்லை. தட்டியதையோ, அந்தப் பெண்ணையோ. தட்டு கேட்ட அந்த மாலை முழுக்க டோரீன் தூங்கிக்கொண்டிருந்தாள்.

டிரக் சரியாகி, மலையேறிக்கொண்டிருந்தோம். ஜன்னலைத் திறந்துவைக்கும் அளவுக்குக் காற்று குளிர்ந்திருந்தது. டோரீன் வெளியே பார்த்தபடியே இருந்தாள்.

"ராய்."

"ம்."

"கடைசில, சுவருக்கு வெளியேருந்து, அவ அரை மணி நேரம் கேக்கல. அஞ்சு நிமிஷம்தான் கேட்டா."